‘அனுப்பியாச்சு’ என்பது பதில் இல்லை



இந்த வார எபிசோட்டில் ஃபக்ஸ் மெஷின் பற்றிக் கதைக்கும்போது நிறையச் சிரித்தோம். இந்தக் காலத்திலும் ஃபக்ஸா என்று சிரிக்கிறது சுலபம். ஆனால் நான் சொல்ல நினைத்த ஒரு விஷயத்துக்கு நேரம் போதவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், சப்வேயில் போகும்போது வாசியுங்கோ.

என் கருத்து இதுதான். ‘அனுப்பியாச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் நாலு வேறு நிலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். ஃபக்ஸ் மெஷினுக்கு அந்த நாலில் மூன்றுக்கு வித்தியாசம் தெரியும். கேட்டால் பேப்பரில் அடித்தும் தரும். அதைக் கேட்கிற பழக்கம்தான் எங்களிடம் இல்லை. ஃபக்ஸுக்குப் பதிலாக இன்று விற்கப்படுகிற பல சிஸ்டங்களிடம் கேட்டாலும் பதில் வராது.

வீட்டில் ஃபோன் எடுக்கிற ஆள்

ஒன்ராறியோவில் வளர்ந்த உங்களில் பலருக்கு இந்த வேலை பழக்கமாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் நோ. இல்லாட்டி அப்பாவுக்கு ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது. குடும்ப டொக்டர் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ரிஃபரல் எழுதுகிறார். அந்த ரிஃபரல் இன்னும் எத்தனையோ கிளினிக்குகளில் ஃபக்ஸில்தான் போகிறது. மூன்று கிழமை போகுது, ஆறு கிழமை போகுது, ஒருவரும் கூப்பிடவில்லை. கேட்டால் அம்மா, "அவையள் கூப்பிடுவினம்தானே, நாங்கள் ஏன் கரைச்சல் குடுப்பான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவா. கடைசியில் ஃபோன் எடுக்கிறது நீங்கள்.

குடும்ப டொக்டரின் ஒஃபிஸில் சொல்வார்கள்: "நாங்கள் ஃபக்ஸ் பண்ணியாச்சு." ஸ்பெஷலிஸ்ட்டின் ஒஃபிஸில் சொல்வார்கள்: "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை." நடுவில் நீங்கள். கோபம் வரும், யாரோ ஒரு ஆள் பொய் சொல்கிறார் என்று தோன்றும்.

அனேகமாக இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். அது எப்படி என்று விளங்க, மெஷினுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

பேப்பர் உள்ளே போனதும் என்ன நடக்கிறது

ஃபக்ஸ் மெஷினுக்கு எழுத்துத் தெரியாது. அது பக்கத்தை மெல்லிய கோடுகளாக வெட்டிப் பார்க்கிறது. ஒரு கோட்டில் 1,728 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்பது மட்டும்தான் அதற்குத் தேவை. சாதாரணத் தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ நாலு கோடு. ஒரு ஏ4 பக்கத்துக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள் வரும்.

இதை அப்படியே நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஃபோன் லைனில் அனுப்பினால் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் எடுக்கும். ஆனால் ஒரு கடிதத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளைதானே? அதனால் ஒவ்வொரு புள்ளியையும் சொல்லாமல், "இங்கே 800 வெள்ளை, பிறகு 5 கறுப்பு, பிறகு 12 வெள்ளை" என்று நீளங்களை மட்டும் சொல்கிறது. அடிக்கடி வருகிற நீளங்களுக்குக் குட்டிக் குறியீடு, அரிதாக வருகிறவற்றுக்கு நீண்ட குறியீடு. கொம்பியூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு ஹஃப்மன் கோடிங் ஞாபகம் வரும். அதேதான். 1980இல் வந்த குரூப் 3 தரம் இதை வைத்துத்தான் ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தது.

ஆரம்ப கால மெஷின்களில் மெமரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நம்பரை அடித்து, மற்றப் பக்கம் எடுத்த பிறகுதான் பேப்பர் நகரத் தொடங்கும். ஸ்கான் பண்ணப் பண்ணவே லைனில் போகும். லைன் பிஸி என்றால் பேப்பர் அசையாது. நடுவில் அறுந்தால் பேப்பர் பாதியில் நிற்கும். அனுப்புகிற ஆள் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். கரைச்சல்தான், ஆனால் ஒரு நன்மை இருந்தது: போனதா போகவில்லையா என்பது கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இன்றைய மெஷின்கள் பலவற்றிலும் இதை ஒரு செட்டிங்காக வைத்திருக்கிறார்கள். நேரடி அனுப்பல் என்பார்கள்.

பிறகு மெமரி மலிந்தது. எல்லாப் பக்கத்தையும் முதலில் ஸ்கான் பண்ணிச் சுருக்கி உள்ளே வைத்துக்கொண்டு, பேப்பரை உடனே திருப்பித் தருகிற மெஷின்கள் வந்தன. மனுசர் மெஷினை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். ஒஃபிஸ் வாழ்க்கைக்கு இது பெரிய விடுதலை.

‘அனுப்பியாச்சு’ என்ற சொல் பிழைக்கத் தொடங்கியதும் இந்த இடத்தில்தான். பேப்பர் உள்ளே போச்சு, பீப் அடிச்சுது, பேப்பர் வெளியே வந்திட்டுது. கிளினிக்கில் வேலை செய்கிற ஆள் அதைக் கோப்பில் போட்டுவிட்டு "ஃபக்ஸ்ட்" என்று எழுதிக் கையெழுத்தும் வைக்கிறார். உண்மையில் இதுவரைக்கும் ஒரு பிட் கூட அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை.

வரிசையில் நிற்கிற கடிதம்

மெமரிக்குள் போன ஒவ்வொரு டொக்கியூமென்டுக்கும் மெஷின் ஒரு ஜொப் நம்பர் கொடுக்கிறது. எந்த நம்பருக்கு, எத்தனை பக்கம், எப்போது அனுப்ப வேண்டும், எத்தனை தடவை முயற்சி செய்தாயிற்று என்பதெல்லாம் அதோடு இருக்கும். பிறகு அது வரிசையில் நிற்கிறது. லைன் ஒன்றுதான், ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகலாம். வெளியிலிருந்து ஒரு ஃபக்ஸ் உள்ளே வந்துகொண்டிருந்தாலும் வெளியே போக வேண்டியவை எல்லாம் பொறுத்திருக்கும்.

மற்றப் பக்கம் பிஸி என்றால் அந்த ஜொப் ஒதுங்கி நிற்கும், அடுத்த நம்பருக்கானது முன்னால் போகும். சில நிமிடம் கழித்து மெஷின் திரும்பவும் டயல் பண்ணும். மெஷினைப் பொறுத்து இப்படிச் சில தடவைகள். அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் ஜொப்பைக் கைவிட்டு, ‘போகவில்லை’ என்று ஒரு ரிப்போட் அடிக்கும்.

பல மெஷின்கள் ஒரே நம்பருக்குப் போக வேண்டிய நாலு கடிதங்களைச் சேர்த்து ஒரே அழைப்பில் அனுப்பும். ஒரே கடிதத்தை இருபது இடத்துக்கு அனுப்பச் சொன்னால் ஒரு தடவை மட்டும் ஸ்கான் பண்ணி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராக அடிக்கும். இரவில் அனுப்பச் சொன்னால் இரவு வரைக்கும் வைத்திருக்கும். மெமரி நிரம்பினால் நடுவில் நின்று, "இதுவரை ஸ்கான் பண்ணினதை அனுப்பவா, எல்லாத்தையும் ரத்துச் செய்யவா" என்று கேட்கும். கரன்ட் போய் மெமரி அழிந்தால், திரும்ப வந்ததும் எந்தெந்த ஜொப் தொலைந்தது என்று ஒரு பட்டியல் அடித்துத் தருகிற மெஷின்களும் இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கோ, ஒரு சின்னப் பெட்டிக்கு இது எவ்வளவு பொறுப்பு. ஆனால் அது எல்லாவற்றையும் பேப்பரில்தான் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மாலை 4.50க்கு ஒரு கிளினிக் பத்து ரிஃபரலை வரிசையில் போடுகிறது என்று வையுங்கோ. ஸ்பெஷலிஸ்ட்டின் லைன் பிஸி, ஏனென்றால் ஊரில் உள்ள மற்ற எல்லாக் கிளினிக்கும் அதே நேரத்தில் அங்கேதான் அடிக்கிறது. 5 மணிக்கு ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மெஷின் தனியே நின்று முயற்சி செய்து, கைவிட்டு, ‘போகவில்லை’ ரிப்போட்டை அடித்து வைக்கிறது. அதற்கு மேலே சனி ஞாயிறில் வந்த லாப் ரிசல்ட், மருந்துக்கடைக் கடிதம், விளம்பரம் எல்லாம் வந்து விழுகிறது. திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டில் அந்த ஒற்றைப் பேப்பரை யாராவது பார்த்தார்களா என்பதில்தான் உங்கள் அம்மாவின் முழங்கால் தங்கியிருக்கிறது.

‘ஓகே’ எவ்வளவு தூரம் ஓகே?

சரி, லைன் கிடைத்தது என்று வைப்போம். ஃபோனை எடுத்தால் காதில் கேட்கிற அந்தக் கீச்சுச் சத்தம் சும்மா சத்தம் இல்லை. கூப்பிடுகிற மெஷின் மூன்று நொடிக்கு ஒரு தடவை 1,100 ஹெர்ட்ஸில் அரை நொடி பீப் அடிக்கும்: "நான் ஃபக்ஸ்." எடுக்கிற மெஷின் 2,100 ஹெர்ட்ஸில் பதில் சொல்லும்: "நானும்தான்." பிறகு என்ன வேகம், என்ன தரம் என்று இரண்டும் பேரம் பேசும். ஒன்றரை நொடி பரீட்சார்த்தமாக வெறும் பூச்சியங்களை அனுப்பி லைன் தாங்குமா என்று பார்க்கும். தாங்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்குப் பிறகுதான் பக்கம் போகிறது.

பக்கம் முடிந்ததும் அனுப்பிய மெஷின் நின்று கேட்கும். மற்றது "கிடைத்தது" என்று ஒரு சிக்னல் கொடுத்தால்தான் அடுத்த பக்கம். பிழை திருத்தும் முறை இரண்டு பக்கமும் போட்டிருந்தால் இன்னும் கறார்: பக்கத்தைச் சின்னத் துண்டுகளாக்கி அனுப்பி, எந்தெந்தத் துண்டு பழுதாகப் போனதோ அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும். டி.30 என்கிற இந்தத் தரத்தில் உள்ள ஒழுங்கு, நேற்று எழுதின எத்தனையோ ஏபிஐகளில் இல்லை.

ஆகவே ரிப்போட்டில் ‘ஓகே’ என்று இருந்தால், அந்தப் பக்கங்கள் இன்னொரு மெஷினின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். நம்பிக்கை வைக்கக்கூடிய தகவல் அது.

ஆனால் அவ்வளவுதான் அர்த்தம். எடுத்த மெஷினில் பேப்பர் முடிந்திருந்தால் அது கடிதத்தைத் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும், ‘ஓகே’யும் சொல்லும். இரவில் வருவதை எல்லாம் பாஸ்கோட் போடும் வரைக்கும் மெமரியில் பூட்டி வைக்கிற வசதியும் உண்டு, அப்போதும் ‘ஓகே’தான். ஒரு இலக்கம் பிழையாக அடித்து வேறு யாருடையவோ மெஷினுக்குப் போனாலும் ‘ஓகே’தான். பல ரிப்போட்டுகளில் மற்றப் பக்க மெஷின் தன்னைப் பற்றிச் சொன்ன நம்பரும் அச்சாகும். அடித்த நம்பரோடு அதை ஒத்துப் பார்க்கலாம். ஆனால் அதைச் சொந்தக்காரர்தான் ஒருநாள் கையால் அடித்து வைத்திருப்பார். நம்பர் மாறின பிறகும் பழசையே சொல்லிக்கொண்டிருக்கிற மெஷின்கள் தாராளம்.

இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். வட்ஸ்அப்பில் பாருங்கோ. மணிக்கூடு போட்டிருந்தால் இன்னும் உங்கள் ஃபோனிலேயே நிற்கிறது. ஒரு டிக் என்றால் சேர்வருக்குப் போய்விட்டது. இரண்டு டிக் என்றால் மற்ற ஆளின் ஃபோனுக்குப் போய்விட்டது. நீல டிக் என்றால் பார்த்துவிட்டார். நண்பர் ஒருவர் இரண்டு சாம்பல் டிக்கோடு பதில் போடாமல் இருந்தால் அதன் அர்த்தத்தை ஒரு மணித்தியாலம் ஆராய்ச்சி செய்கிற எங்களுக்கு, அம்மாவின் ரிஃபரல் எந்த டிக்கில் நிற்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

ஃபக்ஸை அப்படிப் பிரித்தால்: மெமரிக்குள் போனது மணிக்கூடு. வரிசையில் நிற்கிறதும் மணிக்கூடுதான். ‘ஓகே’ ரிப்போட் இரண்டு டிக். நீல டிக் ஃபக்ஸில் கிடையவே கிடையாது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு "அனுப்பியாச்சு" என்கிறது ஒரு ஒஃபிஸ். நீல டிக்கை மனதில் வைத்து "வரவில்லை" என்கிறது மற்றது. ஆகவேதான் இரண்டு பேரும் உண்மை பேசியும் அம்மாவுக்கு அப்பொயின்ட்மென்ட் இல்லை.

நேர்மையான ஒரு சொஃப்ட்வெயர்

நான் கொன்ட்ராக்ட்டில் வேலை செய்கிறவன். பழைய சேர்வரை நகர்த்து, பழைய சிஸ்டத்தை மூடு, இப்படித்தான் அழைப்பு வரும். அதனால் ஃபக்ஸ் சேர்வர்களோடு நல்ல பழக்கம். அதில் எனக்குப் பிடித்தது ஹைலாஃபக்ஸ். சாம் லெஃப்லர் என்பவர் 1990களின் தொடக்கத்தில் எழுதியது; டிஃப் படங்களைக் கையாளும் லிப்டிஃப் லைப்ரரியும் அவருடையதுதான்.

அதன் கோப்புறைகளைத் திறந்தாலே கதை விளங்கும். அனுப்ப வேண்டியவை ஒன்றில், முடிந்தவை ஒன்றில், டொக்கியூமென்டுகள் ஒன்றில், வந்தவை இன்னொன்றில். ஒரு ஜொப்பின் நிலை என்ன என்று கேட்டால் ஒரே எழுத்தில் பதில் சொல்லும். அந்த எழுத்துகள்தான் அழகு. அனுப்பும் நேரம் வரக் காத்திருப்பது ஒரு எழுத்து. முதல் முயற்சி தோற்று அடுத்த முயற்சிக்காகத் தூங்குவது இன்னொரு எழுத்து. அதே நம்பருக்கு வேறொன்று போய்க்கொண்டிருப்பதால் தடைப்பட்டு நிற்பதற்கு ஒன்று. மொடெம் எதுவும் ஓய்வாக இல்லை என்று காத்திருப்பதற்கு ஒன்று. யாரோ நிறுத்தி வைத்ததற்கு ஒன்று. ஓடிக்கொண்டிருப்பது, முடிந்தது, தோற்றது என்று மீதி மூன்று. ‘காத்திருக்கு’ என்ற ஒரே விஷயத்துக்குள்ளேயே எத்தனை காரணங்கள் என்று பாருங்கோ. ஒவ்வொரு காரணத்துக்கும் மருந்து வேறு.

இன்னொன்று, ஒவ்வொரு ஜொப்புக்கும் ஒரு ஆயுள் உண்டு. நீங்கள் வேறு சொல்லாவிட்டால் மூன்று மணித்தியாலம். அதற்குள் போகாவிட்டால் ஜொப்பைக் கொன்றுவிட்டு, போட்ட ஆளுக்கு மெயில் அனுப்பும். முடியாததை முடியாது என்று சொல்லிவிடும்.

ஒரு தடவை ஒரு கிளினிக்கின் சேர்வரை மாற்றப் போனேன். ஃபக்ஸ் சிஸ்டம் ஒழுங்காக ஓடியது. தோற்ற ஜொப்புகளின் அறிவிப்பு மெயில் எங்கே போகிறது என்று பார்த்தால், அங்கே வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. அவருடைய இன்பொக்ஸை மூடவும் இல்லை, யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. மெஷின் மாதக் கணக்காக "இது போகவில்லை, இதுவும் போகவில்லை" என்று ஒரு வெறும் அறைக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டியலைக் கிளினிக்கிடம் கொடுத்தேன். அன்று முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஃபோன் எடுத்தார்கள். மெஷினில் ஒரு பிழையும் இல்லை. ரிப்போட்டை வாசிக்கிறது யாருடைய வேலை என்று யாரும் தீர்மானிக்காததுதான் பிழை.

"ஃபக்ஸைத் தூக்கி எறிந்தால் சரியாகிவிடும்"

எபிசோட் போட்ட பிறகு உங்களில் பலர் அனுப்பிய மெசேஜ் இதுதான். எறிய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இங்கிலாந்தில் 2018இல் றோயல் கொலேஜ் ஒஃப் சேர்ஜன்ஸ் விசாரித்தபோது மருத்துவமனை நிர்வாகங்களிடம் கிட்டத்தட்ட 9,000 ஃபக்ஸ் மெஷின்கள் இருப்பது தெரியவந்தது. 2019 ஜனவரியிலிருந்து புதிதாக வாங்கக்கூடாது, 2020 மார்ச் 31க்குள் நிறுத்த வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. கனடாவில் 2022 செப்டம்பரில் மத்திய, மாகாணத் தனியுரிமை ஆணையர்கள் கூட்டாக, மருத்துவத்தில் ஃபக்ஸையும் குறியாக்கம் இல்லாத மெயிலையும் படிப்படியாகக் கைவிடச் சொன்னார்கள்.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெமரி என்று நான் புகழ்ந்த அதே விஷயம் ஆபத்தும்கூட. ரிபன் போட்டு அடிக்கிற சில மெஷின்களில் பழைய ரிபனை விரித்தால் அடித்த ஒவ்வொரு பக்கமும் நெகட்டிவ் மாதிரி அப்படியே வாசிக்கலாம். ஸ்கான், கொப்பி, ஃபக்ஸ் எல்லாம் செய்கிற பெரிய மெஷின்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற நிறுவனம் வாடகைக்கு எடுத்த கொப்பி மெஷின்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. அதில் ஒன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் கைக்குப் போனது. 3,44,579 பேர் வரைக்கும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2013இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டொலருக்கு மேல் கட்டித்தான் வழக்கை முடித்தது.

ஆனால் எறிந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. இன்று பல கிளினிக்குகளில் ஃபக்ஸ் என்பது மெஷினே இல்லை. டொக்டரின் சொஃப்ட்வெயரில் ஒரு பட்டன். அதை அமத்தினால் அந்த சொஃப்ட்வெயரின் கியூவுக்குப் போகும். அங்கிருந்து ஒரு இன்ரநெற் ஃபக்ஸ் கம்பனியின் கியூவுக்கு. அங்கிருந்து லைனுக்கு. மற்றப் பக்கத்திலும் பெரும்பாலும் இன்னொரு கம்பனி, பிறகு ஒரு இன்பொக்ஸ், பிறகு அதைப் பார்த்துச் சரியான நோயாளியின் கோப்பில் போடுகிற ஒரு மனுசர். ஐந்தாறு வரிசை. ஒவ்வொன்றும் அடுத்ததிடம் கைமாற்றியதும் தன் வேலை முடிந்தது என்று பச்சை டிக் போடுகிறது. டொக்டரின் திரையில் தெரிவது முதலாவது டிக் மட்டும்தான் என்றால் அது மணிக்கூடுதானே, டிக் இல்லையே?

சோல்ட்சர், ரீட், கிளார்க் மூன்று பேரும் 1980களின் தொடக்கத்தில் எழுதிய ‘எண்ட்-டு-எண்ட்’ கட்டுரையை நெட்வேர்க் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதன் சாரம் ஊர்ப் பாஷையில் இதுதான்: நடுவில் நிற்கிற எல்லாரும் "சரி" என்று சொன்னாலும், கடைசியில் வாங்க வேண்டியவர் "வாங்கினேன்" என்று சொல்லும் வரைக்கும் ஒன்றும் முடியவில்லை.

புதிய டெக்னொலஜி தானாகவே இதைச் சரிசெய்யாது என்பதற்கு 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கோ. கொவிட் பரிசோதனை முடிவுகளை லாப்களிலிருந்து ஃபைலாக எடுத்துப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைக்கு மேல் இடம் இல்லை. மிச்சம் வெட்டுப்பட்டுப் போனது. 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடுகிற வேலையும் தாமதித்தது. ஒரு சாதாரண ஃபக்ஸ் மெஷின் மெமரி நிரம்பினால் நின்று, பீப் அடித்து, என்ன செய்யட்டும் என்று கேட்கும். இங்கே இடம் நிரம்பியது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஃபக்ஸ் நல்லது என்று நான் சொல்லவில்லை. அதனிடம் இருக்கிற ஒரு நல்ல பழக்கத்தை அதோடு சேர்த்துப் புதைக்காதீர்கள் என்கிறேன்.

இனி என்ன கேட்கலாம்

அடுத்த தடவை வீட்டுக்காக ஃபோன் எடுக்கும்போது "அனுப்பினீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஓம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கோ:

முதலில், எந்த நம்பருக்கு அனுப்பினார்கள்? அதை எழுதி வைத்து ஸ்பெஷலிஸ்ட்டின் ஒஃபிஸில் சரிபாருங்கோ. கிளினிக் இடம் மாறினால் பழைய நம்பர் வருடக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, அனுப்பியதற்கான ரிப்போட் இருக்கிறதா? அதில் என்ன திகதி, என்ன நேரம், எத்தனை பக்கம், முடிவு என்ன? ஐந்து பக்க ரிஃபரலுக்கு மூன்று பக்கம்தான் போயிருந்தால் மற்ற ஒஃபிஸ் அதை ஒதுக்கி வைத்துவிடலாம்.

மூன்றாவது, இரண்டு வேலைநாள் கழித்து மற்றப் பக்கத்துக்கு ஃபோன் எடுத்து, அந்தத் திகதியையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கோ. "வந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "அம்மாவின் பெயரில் கோப்பு திறந்தாச்சா, டொக்டர் பார்த்தாச்சா, எந்த வரிசையில் இருக்கு?" என்று கேளுங்கோ. நீல டிக்கை இப்படி வாயால்தான் வாங்க வேண்டும்.

கிளினிக்கில் வேலை செய்கிறவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேப்பரைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நேரமும் பக்க எண்ணிக்கையும் கையில் இருந்தால் அவர்களுக்கும் தேடுகிறது சுலபம்.

உங்களில் கோட் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை ஒரு பட்டனுக்குக் கீழே ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்று போடும்போது, உண்மையில் என்ன நடந்தது என்று உங்களை நீங்களே கேளுங்கோ. கியூவில் போட்டிருந்தால் ‘வரிசையில் இருக்கு’ என்று எழுதுங்கோ. தோற்றால் யாருக்குச் சொல்வது, அந்த ஆள் வேலையை விட்டால் பிறகு யாருக்குச் சொல்வது என்பதையும் சேர்த்து வடிவமையுங்கோ. இரண்டுக்கும் ஒரு நாள் வேலை கூடப் போகாது.

இதெல்லாம் குடும்பங்கள் செய்ய வேண்டிய வேலையா என்று கேட்டால், இல்லை. ஒரு கடிதம் போனதா என்று துரத்துகிறது நோயாளியின் பொறுப்பாக இருக்கக்கூடாது. ஆங்கிலத்தில் ஃபோன் எடுத்துக் கதைக்க ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கு அப்பொயின்ட்மென்ட் கிடைத்து, அப்படி யாரும் இல்லாத அம்மாவுக்குக் கிடைக்காமல் போனால் அந்த சிஸ்டம் பழுது. அதைத் திருத்துகிற ஆட்களாக உங்களில் சிலர் வருவீர்கள் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அதுவரைக்கும் ரிப்போட்டைக் கேளுங்கோ. உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, பக்கத்து அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கிற அன்ரிக்கும் ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டுக் கொடுங்கோ.

அடுத்த எபிசோட்டில் மருத்துவமனைப் பேஜர்கள் பற்றிக் கதைக்கப் போகிறோம். உங்களிடம் கேள்வியோ அனுபவமோ இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. வாசித்தாச்சு என்று ஒரு நீல டிக் அனுப்புகிறேன்.